நம்ம ஊர் நர்ஸ்களே, பேண்டு 5-லேயே உட்கார்ந்துவிடாதீர்கள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இங்கிலாந்துக்கு என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) வேலைக்கு வந்ததும் ஆஸ்கி தேர்வு (நர்ஸாகப் பதிவு பெற எழுதும் செய்முறைத் தேர்வு), வாடகை வீடு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். பதில் சொல்லவும் ஆள் இருக்கிறது. பதவி உயர்வைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் அரசு ஆஸ்பத்திரி என்றால் சீனியாரிட்டி பட்டியல் உண்டு, காத்திருந்தால் பெயர் மேலே வரும். இங்கே அப்படி ஒரு பட்டியலே கிடையாது. பதவியும் சம்பளமும் பேண்டு என்ற எண்ணில்தான், நர்ஸ் தொடங்குவது பேண்டு 5, அடுத்த பதவி பேண்டு 6. பேண்டு 6 இடம் காலியானால் விளம்பரம் வரும், விண்ணப்பித்து இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். நேற்று உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளை விண்ணப்பித்து, நீங்கள் பேசாமல் இருந்தால், நாளைக்கு அந்தப் பிள்ளைதான் உங்களுக்கு மேலே சிஸ்டர். சம்பளக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேண்டு 5-ல் 2 வருடம் முடிந்தால் சம்பளம் ஒரு படி ஏறும், 4 வருடம் முடிந்தால் கடைசிப் படிக்குப் போகும். அதற்கு மேல் எத்தனை வருடம் உழைத்தாலும் எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கும் வருடாந்திர உயர்வு மட்டும்தான்.

இன்னும் வேலையில் சேராதவர்கள் இப்போதே கேளுங்கள். என்எச்எஸ்ஸுக்கு வெளியே பார்த்த வேலையைக் கணக்கில் எடுத்து மேல் படியில் சம்பளம் வைக்க மருத்துவமனைக்கு விருப்புரிமை உண்டு. கட்டாயம் இல்லை என்பதால் கேட்காதவர்களுக்குத் தானாக வருவது அரிது. அனுபவச் சான்றிதழ்களோடு, சேர்வதற்கு முன்பே எச்ஆருக்கு மெயில் போடுங்கள்.

சேர்ந்தவர்களுக்கு வருடம் ஒரு முறை அப்ரைசல், அதாவது மேனேஜரோடு உட்கார்ந்து வேலையை மதிப்பிடும் பேச்சு, வரும். மேனேஜர் 'அடுத்து என்ன திட்டம்?' என்று கேட்பார், நம்ம ஆட்கள் 'எல்லாம் நல்லா போகுது' என்று சொல்லி எழுந்து வந்துவிடுகிறார்கள். தன்னைப் பற்றித் தானே பேசினால் பெருமை அடிக்கிறாள் என்பார்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று வளர்ந்தவர்கள் நாம், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மேனேஜருக்கு உங்கள் மனது தெரியாது மக்கா, அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். நேராகச் சொல்லுங்கள்: 'ஒரு வருடத்துக்குள் பேண்டு 6-க்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். என்னிடம் என்ன குறை? அதைச் சரிசெய்ய என்ன வாய்ப்பு தருவீர்கள்?' பதிலை அப்ரைசல் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பயிற்சி தருகிறேன் என்றார், மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தருகிறேன் என்றார் என்றால், அன்றைக்கே நன்றி சொல்லி அதையெல்லாம் குறிப்பிட்டு ஒரு மெயில் அனுப்புங்கள். மேனேஜர் மாறிப்போனாலும் அந்த மெயில் இருக்கும்.

என்எம்சி (நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவைப் புதுப்பிக்க 3 வருடத்துக்கு ஒரு முறை 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு, உங்கள் வேலையைப் பற்றி மற்றவர்கள் சொன்ன 5 கருத்துகள், 5 அனுபவக் குறிப்புகள் வேண்டும். பலர் கடைசி மாதத்தில் அவசரமாக எழுதி முடிக்கிறார்கள். மாதம் ஒரு அனுபவக் குறிப்பாவது எழுதி வையுங்கள், விண்ணப்பத்துக்கும் இன்டர்வியூவுக்கும் சரக்கு அதில்தான் இருக்கிறது. நோயாளி பெயரோ அடையாளமோ வேண்டாம். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, அது போதும். விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலில் 'கட்டாயம்' என்று போட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் எழுதுங்கள், மதிப்பெண் போடுகிறவர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் போடுகிறார்கள். 'டீம் செய்தது' என்று நிறுத்தினால் உங்கள் பங்குக்கு மார்க் இல்லை.

அனுப்பும் முன் யாராவது படித்துப் பார்க்கட்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் பேண்டு 6, 7-ல் ஒரு மலையாளி சேச்சியாவது இருப்பார், நமக்குத்தான் அந்த மொழியும் சரளமாக வருமே, பிறகென்ன தயக்கம். போய்க் கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே உதவுகிறார்கள்.

அப்புறம் ஷிப்டுக்கு இன்சார்ஜ் போடுவது. எப்போதாவது என்றால் நல்ல அனுபவம்தான், ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் காலியான பேண்டு 6 இடத்தையே உங்களை வைத்து ஓட்டுகிறார்கள் என்றால், தற்காலிகமாக மேல் பேண்டு சம்பளம் கொடுக்க விதி இருக்கிறது, பொதுவாக ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை. எழுத்தில் கேளுங்கள். வேலையே மாறிப்போய்விட்டது என்றால் அந்த வேலைக்கு எந்த பேண்டு என்று மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்கு யூனியன் துணை இருந்தால் நல்லது. யூனிசன் சங்கம் போராடித்தான் பல மருத்துவமனைகளில் நர்ஸ் உதவியாளர்கள் பேண்டு 2-லிருந்து 3-க்கு மாறினார்கள், பழைய பாக்கியும் கிடைத்தது. வந்த உடனே ஆர்சிஎன் (நர்ஸ்களின் சங்கம்) அல்லது யூனிசன் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள், பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்கு உதவி கிடைப்பது கஷ்டம்.

விசா பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பதவி உயர்வு கேட்டதற்காக விசா போகாது. வேறு டிரஸ்டில் (மருத்துவமனைகளை நடத்தும் என்எச்எஸ் அமைப்பு) இடம் கிடைத்தால் மட்டும், அவர்கள் ஸ்பான்சர்ஷிப் கொடுத்து புது விசா முடிவு வந்த பிறகே அங்கே சேர வேண்டும், அதுவரை இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால் எந்தக் கேள்வியில் மார்க் குறைந்தது என்று கேளுங்கள், சொல்லுவார்கள். இன்டர்வியூ தேதி வந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள், போனில் மாதிரிக் கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம், தமிழோ மலையாளமோ முதலில் உங்களுக்கு எது சுலபமோ அதில்.