மறு: டெட்ஹெட்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

தோட்டக்கலைச் சொற்பட்டியலின் வரைவில் 'டெட்ஹெட்டிங்' (செடியில் வாடின பூக்களை அவ்வப்போது எடுத்துவிடுவது) என்பதற்கு "வாடிய இதழ் நீக்கம்" என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பிச் செடியில் கை வைத்தால் செடி கெட்டுவிடும். நான் கெடுத்தவன், அதனால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தொட்டிகளில் பெட்டூனியா வைத்திருந்தேன். வாடின பூவை மெல்ல இழுத்தால் புனல் மாதிரி இதழ் மட்டும் கையோடு வந்துவிடும். தினமும் காலையில் இதே வேலை. செடி பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஆனால் நாளாக நாளாகத் தண்டு நெடுநெடுவென்று நீண்டதே தவிர பூ குறைந்துகொண்டே போனது. ஒருநாள் குனிந்து பார்த்தால், நான் இதழ் பிடுங்கிய இடத்திலெல்லாம் பச்சையாகக் குட்டிக் குட்டி விதைப்பைகள். தன் வேலை முடிந்த பிறகுதானே இதழ் வாடுகிறது, அது போனால் செடிக்கு என்ன நட்டம்? பூவின் அடியில் விதை உருவாகும் இடமான சூலகம் விதையாகிக்கொண்டிருக்கும் வரை செடியின் உணவு அங்கேதான் ஓடும், புது மொட்டுக்குக் கிடைப்பது குறைவு. அதிலும் ஓராண்டுச் செடிகள் விதை வைத்துவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடும். ஆகவே எடுக்க வேண்டியது இதழை அல்ல, சூலகத்தோடும் காம்போடும் சேர்த்து முழுப் பூவை. கலைச்சொல்லில் 'பூ' வர வேண்டும், 'இதழ்' வரக் கூடாது. மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுக்கிறேன், இதில் மட்டும் முடியாது.

> நேராகத் "தலை கொய்தல்" என்றே சொல்லலாமே?

வேண்டாம் ஐயா, பரணி பாடுகிற மாதிரி இருக்கிறது. தவிர, கொய்தல் என்றால் நமக்கு வேண்டியதைப் பறிப்பது. இங்கே வேண்டாததை எடுக்கிறோம்.

> பூவின் ஏழு பருவங்களில் கடைசி 'செம்மல்', அதாவது வாடின பூ. "செம்மல் நீக்கம்"?

இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று இத்தனை சொல்லை வைத்துக்கொண்டு நாம் புதிதாகத் தேடுவானேன் என்றுதான் தோன்றும். ஆனால் இன்றைக்குச் செம்மல் என்றால் யாருக்கு வாடின பூ நினைவுக்கு வருகிறது? செக்கிழுத்த செம்மல்தான் வருவார். "செம்மல் நீக்கம்" என்று தலைப்பிட்டால், ஏதோ கட்சியிலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கிவிட்டார்கள் என்று படிப்பார்கள். போதாததற்குக் குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் செம்மல் என்று தனியாக ஒரு பூவே இருக்கிறது.

'வீ' என்பதும் அப்படித்தான். வீ என்றால் உதிர்ந்த பூ. உதிர்ந்ததை எதற்கு வெட்ட வேண்டும்? ஆனால் இந்தக் கேள்வி வேறொரு சொல்லுக்கு உதவுகிறது. நித்தியகல்யாணி, கலிப்ரகோவா போன்றவை வாடினதைத் தாமே உதிர்த்துவிடும், நாம் தொட வேண்டியதில்லை. 'செல்ஃப் கிளீனிங்' என்று நாற்றுத் தொட்டியில் செருகின அட்டையில் போட்டிருப்பார்கள். வரைவில் இதற்குத் "தன்தூய்மை" என்று இருக்கிறது, சோப்பு விளம்பரம் போல. 'வீயுதிரி' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. 'தன்னுதிரி' போதும் என்று நினைக்கிறேன்.

> "மறுபூப்புக் கிள்ளல்" என்றால் எதற்குச் செய்கிறோம் என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

அம்மா, இதில் இரண்டு சிக்கல். 'நுனி கிள்ளுதல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. சாமந்தி, செண்டுமல்லி இளசாக இருக்கும்போது கொழுந்தைக் கிள்ளிப் பக்கக்கிளை விட வைப்பது அது. அதையும் இதையும் ஒரே சொல்லில் சேர்த்தால் குழப்பம். ரோஜாக் காம்பை நகத்தால் கிள்ளவும் முடியாது, கத்தரிதான்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. எல்லாச் செடியிலும் மறுபடி பூக்கவென்று இதைச் செய்வதில்லை. டூலிப், டாஃபடில் கிழங்குகள் வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூ வாடினதும் தலையை மட்டும் எடுத்துவிட்டு, இலை தானாக மஞ்சளாகிச் சாயும் வரை விட்டுவைக்க வேண்டும். விதைக்குப் போகவிருந்த உணவு கிழங்குக்குப் போய் அடுத்த வருடப் பூவாகும். இலையைச் சேர்த்து வெட்டிவிட்டால் அந்தக் கணக்கே தப்பிவிடும். காரணம் செடிக்குச் செடி மாறும்போது அதைச் சொல்லுக்குள் திணிக்கக் கூடாது.

என் பரிந்துரை 'வாடுபூ களைதல்'. வளர்பிறை போல வாடுபூவும் வினைத்தொகை: வாடிய பூ, வாடுகின்ற பூ, வாடும் பூ. செடியிலும் அப்படித்தான். முழுதாகக் காயக் காத்திருந்தால் விதை முந்திக்கொள்ளும், வாடத் தொடங்கும்போதே எடுக்க வேண்டும். (டாலியாவில் மட்டும் கவனம். உருண்டையாக இருப்பது புது மொட்டு, கூம்பாகக் கூர்ந்திருப்பது வாடினது. அவசரத்தில் பலரும் மொட்டை வெட்டிவிடுவார்கள்.)

விளக்கக் குறிப்பில் எப்போது நிறுத்துவது என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். உறைபனி விழும் இடங்களில் இலையுதிர் காலம் தொடங்கியதும் ரோஜாவை விட்டுவிட வேண்டும். காய் பிடித்தால் புதுத் துளிர் விடுவதைக் குறைத்துக்கொண்டு குளிருக்குத் தயாராகும். பெரிய கொத்துப் பூ ஹைட்ராஞ்சியாவில் வாடின கொத்துகள் குளிர்காலம் முழுக்க அப்படியே நிற்கட்டும். கீழே இருக்கும் மொட்டுகளுக்கு அவைதான் குடை. வசந்தத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.

——

மறு: மறு: டெட்ஹெட்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பூ' ஓரெழுத்து ஒருமொழி, பின்னால் வல்லினம் மிகும். "வாடுபூக்களைதல்" என்றல்லவா வர வேண்டும்? அப்போது கண் "வாடு பூக்களை" என்று பிரித்துவிடாதா?

பிரிக்கும். எழுதிவிட்டு நானே இரண்டு முறை அப்படித்தான் படித்தேன். ஒற்றை விட்டால் இலக்கணம் உதைக்கிறது, போட்டால் பூக்கள் பன்மையாகிக் கட்டளை மாதிரி நிற்கின்றன. சரி, 'களைதலை' விட்டுவிடலாம். 'வாடுபூ நீக்கம்' என்றால் இந்தத் தகராறு இல்லை, பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும் 'மொட்டு நீக்கம்' என்பதோடும் ஒத்துப்போகும். பேச்சில் "வாடின பூவை எடுத்துவிடு" என்றுதான் சொல்லப்போகிறோம், அது அப்படியே இருக்கட்டும்.

வரைவில் மாற்றிவிட்டேன். 'தன்னுதிரி' பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?