சிட்னியில் முதல் வீடு: நம்மவர் அருகிலா, ரயிலின் அருகிலா?

புதுவரவு:

அனைவருக்கும் வணக்கம். வரும் சனவரியில் நாங்கள் நால்வரும் சிட்னிக்குக் குடிபெயர்கிறோம். கணவருக்கு மெக்குவாரி பார்க்கில் மென்பொருள் வேலை உறுதியாகிவிட்டது. நிறுவனம் பரிந்துரைக்கும் தற்காலிக வேலை விசாவான 482-இல் வருகிறோம். நான் செவிலியர். பதிவு முடிந்ததும் வெஸ்ட்மீட் மருத்துவமனை வட்டாரத்தில் வேலை தேடும் எண்ணம் இருக்கிறது. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு மூன்று. வென்ட்வர்த்வில்லைத் தவிர வேறெங்கும் பார்க்காதே என்கிறார் என் உறவினர். வடமேற்கே டலவாங், ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் புதிய வீடே வாடகைக்குக் கிடைக்கும்போது பழைய பகுதிக்கு ஏன் போக வேண்டும் என்கிறார் கணவரின் அலுவலக நண்பர். மகளின் படிப்புதான் எங்களுக்கு முதல் கவலை. அங்கே வாழ்பவர்கள் காரணத்தோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.

டூங்காபிவாசி:

சகோதரி, உங்கள் உறவினர் சொன்னதையே நானும் சொல்வேன். கோயிலும் மளிகைக் கடையும் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக அல்ல. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு எந்தப் புறநகரிலிருந்தும் வார இறுதியில் வந்து போகலாம். வார நாட்கள் எப்படிக் கழியும் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரை அழைப்பது என்று படிவத்தில் கேட்டிருப்பார்கள். புதிதாக வந்த குடும்பங்கள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வென்ட்வர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, கிரவீன் நான்கும் அடுத்தடுத்து அமைந்தவை. இங்கே குடிவந்தால் அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர் சீக்கிரமே கிடைத்துவிடும்.

உங்கள் வேலையையும் பாருங்கள். வென்ட்வர்த்வில்லுக்கு அடுத்த ரயில் நிலையமே வெஸ்ட்மீட். மாலைப் பணி முடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல் வெளியே வரும் ஒரு செவிலியருக்கு அந்த ஒரே நிலைய தூரம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பதிவு முடியும்வரை மூன்று வயதுக் குழந்தையுடன் பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போவதும் நீங்கள்தான். அந்த மாதங்களில் பேச்சுத் துணையில்லாமல் வாடிப்போன தாய்மார்களை எனக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளியும் அருகிலேயே சனிக்கிழமைகளில் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் எச்.எஸ்.சி. தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எழுதலாம் என்பதால், மகள் இப்போது தொடர்பை விடாமல் இருப்பது பின்னர் கைகொடுக்கும்.

வடமேற்குவாசி:

ஐயா, நீங்கள் சொன்னது அனைத்தும் தாயின் பக்கத்திலிருந்து சரி. ஆனால் இப்போது உறுதியாக இருக்கும் வேலை கணவருடையது மட்டுமே. அவருடைய பயணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. வென்ட்வர்த்வில்லில் ஏறி, ஸ்ட்ராத்ஃபீல்டில் மாறி, மீண்டும் எப்பிங்கில் மாறித்தான் அவர் மெக்குவாரி பார்க்கை அடைய வேண்டும். இல்லையேல் பாரமட்டாவரை சென்று பேருந்து பிடிக்க வேண்டும். ஒரு ரயில் தாமதமானால் அடுத்த இணைப்பும் கைவிட்டுப் போகும். மெட்ரோவோ டலவாங்கில் புறப்பட்டு எங்கும் மாறாமல் மெக்குவாரி பார்க்கில் இறக்கிவிடுகிறது. 2019 மே மாதம் சாட்ஸ்வுட்வரை திறந்த பாதை, 2024 ஆகஸ்டில் நகரின் நடுப்பகுதி வழியாக சிடன்ஹாம்வரை நீண்டுவிட்டது. ஆகவே நாளை அவர் நகரத்துக்குள் வேலை மாறினாலும் இதே வீடு பயன்படும்.

நம்மவர்கள் இல்லாத இடம் என்றும் எண்ண வேண்டாம். தி பாண்ட்ஸ், ஸ்கோஃபீல்ட்ஸ், ரௌஸ் ஹில் பூங்காக்களில் ஒரு மாலை நடந்தால் தமிழ்க் குரல் காதில் விழாமல் திரும்ப மாட்டீர்கள். பழைய புறநகர்களில் குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் ஏறும் செங்கல் வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில், இங்கே நால்வருக்குத் தாராளமான வீடு அமையும். பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டாமா?

டூங்காபிவாசி:

மெட்ரோ நல்ல வசதி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மெட்ரோ டலவாங்கோடு நின்றுவிடுகிறது. வெஸ்ட்மீடுக்குச் செல்லும் ரயில் ஸ்கோஃபீல்ட்ஸ் வழியாகப் போகிறது. இரண்டையும் இணைக்கும் தண்டவாளம் இன்றுவரை இல்லை. கணவர் ஒரு நிலையத்துக்கும் மனைவி வேறொரு நிலையத்துக்கும் போக வேண்டுமென்றால் விரைவில் இரண்டு கார்கள் தேவைப்படும். நம் நாட்டு உரிமத்தைக் கொண்டு நியூ சவுத் வேல்ஸில் ஆறு மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. அதற்குள் இருவரும் தேர்வெழுதி, ஓட்டிக் காட்டி உரிமம் பெற வேண்டும். மார்ஸ்டன் பார்க் போன்ற இடங்களிலோ ரயில் நிலையமே கிடையாது.

வெயிலையும் யாரும் சொல்வதில்லை. 2020 சனவரி 4 அன்று மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. கடற்காற்று மேற்குவரை பெரும்பாலும் எட்டுவதில்லை. நாங்களும் மேற்கில்தான் இருக்கிறோம், எங்களுக்கும் சூடுதான். ஆனால் எங்கள் தெருக்களில் பல பத்தாண்டு வயதான மரங்கள் நிற்கின்றன. புதிய குடியிருப்புகளில் கூரையோடு கூரை நெருங்கி நிற்கிறது. நடைபாதையோரக் கன்றுகள் இன்னும் முட்டுக்கொம்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து மகளை அழைத்துவரப் போகும் தாய்க்கு இது சின்ன விஷயமல்ல. வடமேற்கில் வீடு பார்த்தால் வெள்ள வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021, 2022 ஆண்டுகளின் ஹாக்ஸ்பரி வெள்ளத்தில் வின்ட்சர் பக்கமிருந்தவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தோம்.

கார்லிங்ஃபோர்ட் தாய்:

இருவரும் ரயிலையும் வெயிலையும் பற்றி எழுதுகிறீர்கள். சகோதரி கேட்டது மகளின் படிப்பு. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். தவறான நம்பிக்கையில் அதிக வாடகை கொடுக்கும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன்.

அரசுப் பள்ளிகள் முகவரியைப் பொறுத்தே சேர்க்கின்றன. உங்கள் வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பள்ளி உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ள பள்ளி, இடம் மிஞ்சினால்தான் யோசிக்கும். ஒரே தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு பள்ளிக்கு உரியவையாக இருக்கலாம் என்பதால், புறநகரின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் கல்வித் துறையின் தளத்தில் வீட்டு எண்ணையே இட்டுப் பார்க்க வேண்டும். முகவரிக்குச் சான்றாக 100 புள்ளிச் சோதனை என்ற ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவற்றுக்கெல்லாம் தனித்தனிப் புள்ளிகள். அதற்கும் முன்பாக, தற்காலிக விசாவில் வருவோர் கல்வித் துறையிடம் சேர்க்கை அனுமதி பெற வேண்டும். பல விசாப் பிரிவுகளுக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. உங்கள் விசாவுக்கு எவ்வளவு என்று புறப்படும் முன்னரே பாருங்கள். மகனுக்கும் அப்படியே: குழந்தைக் காப்பகத்துக்கான அரசு மானியம் பொதுவாகத் தற்காலிக விசாவினருக்குக் கிடைப்பதில்லை, முழுக் கட்டணம் நாளொன்றுக்கு 100 டாலரைத் தாண்டும். வீட்டு வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் முதல் மூன்று மாதத்திலேயே கையைக் கடிக்கும்.

இனி, நம் சமூகத்தில் எல்லோரும் பேசுகிற தேர்வுப் பள்ளிகள். கிரவீன் உயர்நிலைப் பள்ளி இருப்பதால் கிரவீனுக்கும், ஜேம்ஸ் ரூஸ் இருப்பதால் எங்கள் கார்லிங்ஃபோர்டுக்கும் வருபவர்கள் உண்டு. அந்தப் பள்ளிகளில் இடம் கிடைப்பது ஆறாம் வகுப்பில் எழுதும் தேர்வைப் பொறுத்தது, வீட்டு முகவரியைப் பொறுத்ததன்று. மேலும், நியூசிலாந்துக் குடிமக்கள் நீங்கலாக, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத பிள்ளைகள் அவற்றில் சேர முடியாது. 482 விசாவில் இரண்டு ஆண்டு வேலை செய்தபின் நிறுவனத்தின் பரிந்துரையோடு நிரந்தர வசிப்புரிமை தரும் 186 விசாவுக்கு விண்ணப்பிப்பதே பலரும் செல்லும் வழி. அதற்குள் உங்கள் மகள் ஏழாம் வகுப்பைத் தொட்டிருப்பாள். மேல்வகுப்புகளில் காலியிடம் வந்தால் பின்னர் முயலலாம். ஆனால் அந்தப் பள்ளிகளுக்காக இன்றே ஒரு புறநகரைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பயன் தராது.

பள்ளி விவரங்களை வெளியிடும் மைஸ்கூல் தளத்தில் உள்ள நாப்லான் என்ற தேசியத் தேர்வின் மதிப்பெண்களை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. அதே பக்கத்தில் பெற்றோரின் கல்வியையும் தொழிலையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு குறியீடு, சராசரி 1000 என்று, போடப்பட்டிருக்கும். அதையும் சேர்த்துப் படித்தால், உயர்ந்த மதிப்பெண்ணில் பாதி வீட்டிலிருந்தும் தனிப்பயிற்சி வகுப்பிலிருந்தும் வருவது புலப்படும். நடுவில் புதிய நாட்டில் வந்து சேரும் பத்து வயதுப் பெண்ணுக்கு ஆசிரியர் எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. பள்ளி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டு, ஆங்கிலத்தில் கூடுதல் துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

எனவே என் தேர்வு கார்லிங்ஃபோர்ட் அல்லது எப்பிங். எப்பிங்கிலிருந்து மெட்ரோவில் மெக்குவாரி பார்க் இரண்டாவது நிறுத்தம். கார்லிங்ஃபோர்டிலிருந்து வெஸ்ட்மீடுக்கு 2024 டிசம்பர் முதல் இலகு ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரம். இருவர் வேலைக்கும் நடுவில் அமைந்த இடம் இதுதான்.

வடமேற்குவாசி:

அம்மா, விசா பற்றி நீங்கள் எழுதியதை ஒவ்வொரு புதுக் குடும்பமும் படிக்க வேண்டும். ஆனால் எப்பிங்கில் ஒரே சம்பளத்தில் வாழ்வது எளிதல்ல. மூன்று படுக்கையறை வேண்டும் என்றால் வாடகை எட்டாது. இரண்டு அறை அடுக்ககத்தில் நால்வரை அடைத்துவிட்டு நடுவில் அமைந்த இடம் என்று மகிழ முடியுமா? சகோதரிக்கு வேலை கிடைக்கும் மாதம் எது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை காப்பகம், பள்ளிக் கட்டணம், வாடகை மூன்றும் ஒருவர் தலையில்.

புதுவரவு:

அனைவருக்கும் நன்றி. தேர்வுப் பள்ளி விசா விதி எங்களுக்குத் தெரியவே தெரியாது. கிரவீனை அதற்காகவே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது தோன்றுவது இதுதான்: முதல் ஓராண்டுக்கு ஒரு வீடு, வேலையும் விசாவும் தெளிந்தபின் நிலையான வீடு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் என்ன? முதலில் வெஸ்ட்மீடில் குறுகிய காலத் தங்குமிடத்தில் இறங்கி, பிறகு நிதானமாகப் பார்க்கலாமா?

கார்லிங்ஃபோர்ட் தாய்:

பிரித்துக்கொள்வது நல்ல யோசனை. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஓராண்டு ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால், முதல் கால்பகுதிக்குள் என்றால் நான்கு வார வாடகை, அதன்பின் மூன்று, இரண்டு, ஒன்று என்று இழப்பீடு குறைந்துகொண்டே வரும். முன்பணமும் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அது மாநில அரசின் பொறுப்பில் வைக்கப்படும். ஆனால் வேறொரு பள்ளி எல்லைக்கு மாறுவதைப் பற்றி மகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தை முறிப்பதற்கான விலையைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. புதிதாகப் பிடித்த தோழியைவிட்டுப் பிரிவதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

டூங்காபிவாசி:

அதனால்தான் இரண்டாகப் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. முதல் வீடு தற்காலிகம் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் அதே வட்டாரத்தில்தான் பின்னர் வீடு வாங்கினார்கள். பிள்ளை ஊன்றிவிட்ட இடத்தைப் பெற்றோர் மாற்றத் துணிவதில்லை. முதல் வீட்டையே இருந்துவிடக்கூடிய இடத்தில் பாருங்கள்.

குறுகிய காலத் தங்குமிடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி ஆண்டு சனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ துவங்கிவிடும். அந்தத் தங்குமிட ரசீதை வைத்துக்கொண்டு 100 புள்ளிகளை எட்டுவது கடினம். மகள் வீட்டிலேயே காத்திருக்க நேரும்.

வடமேற்குவாசி:

அதற்காக இங்கே கால் வைக்காமலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்வீர்களா, ஐயா? படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, வந்து பார்த்தபோது அப்படியொரு வீடே வாடகைக்கு விடப்படவில்லை என்று அறிந்து தவித்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளி இரண்டு வாரம் தாமதமானால் மகளுக்கு ஒன்றும் ஆகாது. பணம் போனால் குடும்பமே ஆட்டம் காணும்.

டூங்காபிவாசி:

கண்ணால் காணாத வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டேன். சகோதரி, நீங்கள் விரும்பும் வீடுகளின் இணைப்புகளை இங்கே இடுங்கள். வென்ட்வர்த்வில், பென்டில் ஹில் பக்கம் சனிக்கிழமை திறந்து காட்டும் பதினைந்து நிமிடத்தில் நான் போய் வரிசையில் நின்று பார்த்துவிடுகிறேன். அந்த நான்கு வார முன்பணம் நீங்கலாக, முகவர் இரண்டு வார வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்; அது சட்டத்துக்குப் புறம்பானது. சம்பளக் கடிதம், வேலை ஒப்பந்தம், இப்போதைய வீட்டு உரிமையாளரின் சான்று ஆகியவற்றை ஆங்கிலத்தில் இப்போதே தயாராக வைத்திருங்கள்.

வடமேற்குவாசி:

டலவாங், ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் என்றால் நான் பார்க்கிறேன். மேற்குச் சன்னல்களுக்கு நிழல் இருக்கிறதா, நிலையத்துக்கு நடைபாதை தொடர்ச்சியாகப் போகிறதா என்பதையும் காணொளியாக எடுத்து அனுப்புகிறேன். ஆனால் கணவரின் பயணம் பற்றி நான் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. எந்த இணைப்பை இடும் முன்னரும், காலை ஏழரை மணிக்கு அந்த முகவரியிலிருந்து மெக்குவாரி பார்க்குக்கு எத்தனை முறை மாற வேண்டும் என்று பயணத் திட்டத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு இடுங்கள்.

புதுவரவு:

இன்றிரவு கணவரோடு அமர்ந்து பட்டியல் தயாரிக்கிறோம். பென்டில் ஹில்லில் இரண்டு, கார்லிங்ஃபோர்டில் ஒன்று, டலவாங்கில் ஒன்று என்று நான்கு வீடுகளை நாளை இடுகிறேன். கார்லிங்ஃபோர்ட் அம்மா, இலகு ரயில் இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?