தட்டிக் கட்டும் கார்டுக்கு உறை வேணுமா?

படுவான்: மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா வருகுது, கோயில் வீதி முழுக்க நெரிசலாக இருக்கும். தட்டிக் காசு கட்டும் கார்ட் வைத்திருப்பவர்கள் ஒரு உலோக உறை வாங்கிப் போடுங்க. கார்டுக்குள் பற்றரி இல்லை. கார்டை வாசிக்கும் கருவியான ரீடரின் 13.56 மெகாஹேர்ட்ஸ் அலையில் வரும் சக்தியில்தான் சிப் விழிக்கும், விழித்ததும் கேட்டதைச் சொல்லும். கேட்பது கடை மெஷினா கள்ளனா என்று அதற்குத் தெரியாது. கார்ட் இலக்கமும் காலாவதித் திகதியும் மறைக்கப்படாமலே வெளியே வரும். நம்பாதவர்கள் என்எஃப்சி (கார்டைக் கிட்ட வைத்தால் வாசிக்கும் வசதி) உள்ள போனில் ஒரு வாசிப்புச் செயலியைப் போட்டுச் சொந்தக் கார்டை வைத்துப் பாருங்க.

எழுவான்: இலக்கம் வரும், சரி. அதை வைத்து இன்னொரு கார்ட் செய்ய முடியாதே மச்சான். ஒவ்வொரு தட்டலுக்கும் சிப் தன் இரகசியச் சாவியால் புதுக் குறியீடு ஒன்றைக் கணிக்குது. தொகை, மெஷின் தந்த எழுமாற்று எண், தட்டத் தட்ட ஏறும் ஒரு எண்ணி எல்லாம் அதற்குள் சேரும். பழைய குறியீட்டைத் திரும்ப அனுப்பினால் வங்கி தள்ளிவிடும். பின்பக்கத்து மூன்று இலக்கம் சிப்பிலேயே இல்லை.

கடை மெஷினோடு கூட்டத்துக்குள் உரசித் திரியும் கள்ளன் கதையையும் விடுங்க. அவன் முதலில் தொகையை அடிக்கணும், மெஷின் கைவிட முதல் 4 சென்ரிமீற்றருக்குள் வரணும். பேர்ஸில் இரண்டு கார்ட் இருந்தால் ஒன்றை மட்டும் காட்டு என்று மெஷின் நின்றுவிடும். எல்லாம் சரிவந்தாலும் காசு போவது அவன் தன் விபரம் கொடுத்துத் திறந்த வியாபாரக் கணக்குக்கு. விலாசம் எழுதி வைத்துவிட்டா களவெடுப்பான்?

படுவான்: 4 சென்ரிமீற்றர் என்பது கடை மெஷினுக்கு. 2006இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் செப்புக் குழாயை வளைத்து அன்ரெனா செய்து, இதே வகைச் சிப்பை 25 சென்ரிமீற்றரில் வாசித்துக் காட்டினார்கள். செலவு 100 டொலர் அளவில்தான். இரண்டு கார்ட் கதையும் கடை மெஷினுக்குத்தான் பொருந்தும். கள்ளன் எழுதிய மென்பொருள் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கும், அதற்கான முறை தட்டும் கார்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14443இலேயே இருக்கு.

மூன்று இலக்கம் கேட்காத வெளிநாட்டு இணையக் கடைகளும் உண்டு. பிரித்தானியாவின் 'விச்' நுகர்வோர் அமைப்பு 2015இல் இப்படி எடுத்த விபரத்தால் பொருள் வாங்கிக் காட்டியது. அந்தக் கடை ஓடிபி கேட்காவிட்டால் உங்கள் போனுக்கு ஓடிபி வராது.

எழுவான்: அந்தச் செப்பு வளையம் 40 சென்ரிமீற்றர் அகலம். அதைச் சறத்துக்குள் ஒளித்துக்கொண்டு வாறவனைப் பார்க்க எனக்கும் ஆசைதான். தூரம் இரட்டித்தால் அலையின் வலு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும், அதனால்தான் அவ்வளவு பெரிது. இணையக் கடைக் களவுக்கு மருந்து உறை இல்லை. உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை நிறுத்தும் தெரிவு இருந்தால் நிறுத்துங்க, எஸ்எம்எஸ் அறிவிப்பைப் போடுங்க.

சந்தாங்கேணி: ரெண்டு பேரும் பழைய களவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீங்க. இப்போது நடப்பது அஞ்சல் களவு, அஞ்சலோட்டம் போலக் கார்டின் பதிலைக் கைமாற்றி அனுப்புவது. ஒரு போன் கார்டுக்குப் பக்கத்தில், மற்றது எங்கோ ஒரு கடை மெஷினில், நடுவில் இணையம். எழுவான் சொன்ன புதுக் குறியீடு இங்கே உதவாது. உண்மையான கார்டே அந்த நேரத்தில் கணித்துக் கொடுக்குதே! கார்டின் பதிலுக்கு ரீடர் 5 செக்கன் அளவுகூடக் காத்திருக்கலாம் என்று அதே ஐஎஸ்ஓ தரம் விடுது, இணையத் தாமதம் அதற்குள் அடங்கும். மாஸ்டர்கார்ட் பதில் வரும் நேரத்தை அளக்கும் முறை ஒன்றை வகுத்திருக்கு, ஆனால் கார்ட், மெஷின் இரண்டிலும் அது இருந்தால்தான் பலன்.

2020இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு போனை வைத்து, விசா கார்டில் பின் நம்பர் கேட்காத எல்லைக்கு மேலான தொகையையும் பின் நம்பர் இல்லாமல் எடுத்துக் காட்டினார்கள். 'பின் தேவையில்லை, போனில் சரிபார்த்தாச்சு' என்று மெஷினுக்குச் சொல்லும் தரவு குறியீட்டால் காக்கப்படவில்லை. நடுவில் நின்று மாற்றிவிட்டார்கள்.

படுவான்: சந்தாங்கேணி நானா, அதுக்கும் முதல் போன் கார்டை நெருங்கணுமே. உறை இருந்தால் அங்கேயே அறுந்து போகும்.

சந்தாங்கேணி: நீங்களே உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தால்? 2024இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் செக் நாட்டில் கண்டுபிடித்த 'என்கேட்' என்ற கள்ளச் செயலி அப்படித்தான். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு, ஒரு செயலியைப் போடச் சொல்வது, பின் நம்பரை அடித்துக் கார்டைப் போனின் பின்பக்கம் வைக்கச் சொல்வது. அங்கால் கள்ளன் ஏடிஎம்மில் தன் போனைத் தட்டிக் காசை எடுப்பான். எந்தச் செயலி கார்டைப் போனில் வைத்துப் பின் நம்பரையும் கேட்குதோ, அதை அந்த இடத்திலேயே அழியுங்க. அடித்தாச்சு என்றால் வங்கிக்கு அழைத்துக் கார்டை முடக்குங்க.

எழுவான்: இதோடு நான் முழுக்க ஒத்துப்போறேன். உறை கட்டாயம் வேணும் என்பவர்கள் காசைக் கொட்டத் தேவையில்லை. சமையலறை அலுமினியத் தாளால் கார்டை முழுக்கச் சுற்றினாலே போதும், மடிப்பில் கிழிந்தால் மாற்றணும்.

படுவான்: சுற்றியதும் போனை வைத்துச் சோதியுங்க, இரண்டு பக்கமும். போன் வாசித்தால் அந்த உறையைத் தூக்கி வீசுங்க. வாசிக்காவிட்டாலும் முழு நிம்மதி இல்லை, போன் அன்ரெனாவை விட வலுவான ரீடர் உண்டு.

புளியந்தீவு: கார்டில் ஒரு ஓட்டை போட்டு அன்ரெனாவை அறுத்தால் என்ன அண்ணே?

எழுவான்: செய்யாதீங்க தங்கச்சி. கம்பி ஓடும் இடம் கார்டுக்குக் கார்ட் மாறும், குறி தப்பினால் காந்தப் பட்டியோ சிப்போ போகும். வெட்டிய விளிம்பு ஏடிஎம் வாயில் சிக்கினால் கார்ட் உள்ளேயே நிற்கும். தட்டும் வசதியை நிறுத்தித் தரச் சொல்லி வங்கியில் கேளுங்க.