சைக்கிளிங் முடிந்த தொட்டியில் எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடலாமா?

கேள்வி: 100 லிட்டர் நன்னீர்த் தொட்டி. சைக்கிளிங், அதாவது நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்ப்பது, முடிந்தது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு). 12 நியான் டெட்ரா, 6 கோரிடோராஸ் வாங்க ஆசை. ஒரேயடியாக விடலாமா?

பதில்: முதலில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், நைட்ரேட் இறங்கட்டும். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்து சேர்ப்பது அவசியம்.

பதில்: நானாக இருந்தால் கோரிடோராஸை மட்டும் முதலில் விடுவேன். மீன் கழிவிலிருந்து கிடைக்கும் அம்மோனியாவுக்கு ஏற்பத்தான் பாக்டீரியா பெருகும், ஒரேயடியாக விட்டால் ஈடுகொடுக்காமல் போகலாம். நியான் பாவம், தொட்டி நன்றாகப் பழகிய பிறகு வரட்டும். தினமும் சோதியுங்கள், அம்மோனியா 0.25 தெரிந்தாலே தண்ணீர் மாற்றி, தீவனத்தைக் குறையுங்கள். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8 பக்கம் என்றால் இன்னும் கவனம், அங்கே அம்மோனியாவின் நச்சுத்தன்மை அதிகம்.

கேட்டவர்: சரி, அப்படியே செய்கிறேன். ஃபில்டர் பஞ்சைக் கழுவலாமா?

பதில்: இப்போது தொடாதீர்கள், பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. அப்புறம் கழுவினாலும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும்.