பேச்சில்லாத, கவிதை மாதிரியான குறும் அனிமேஷன்கள் தேவை: பெயரும் கோப்பும் தந்து உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் 8 அடித் திரை கட்டி, இணையத்துக்கென்றே செய்த குறும் அனிமேஷன்களைக் காட்டப் போகிறோம். மொத்தம் 40 நிமிடம், ஒவ்வொன்றும் 2 முதல் 5 நிமிடத்துக்குள். கதை இல்லாவிட்டாலும் சரி. ஜன்னல் கண்ணாடியில் ஒரு மழைத்துளி தயங்கித் தயங்கி இறங்குவதை மட்டுமே காட்டும் படம் கிடைத்தால் அதுதான் முதலில் ஓடும்.

கனடா தேசியத் திரைப்பட வாரியத் தளமும் விமியோவும் பார்த்தாயிற்று. சிக்கல் அடோபியின் ஃபிளாஷ் மென்பொருளில் செய்த பழைய படங்களில். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே படத்தைத் தடுக்கிறது. ஃபிளாஷ் பிளேயருக்குப் பதிலாக ஓட்டும் ரஃபிள் என்ற மென்பொருளைப் போட்டால் பழையவை நன்றாகவே ஓடுகின்றன. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற ஃபிளாஷின் நிரல் மொழியில் எழுதியவைதான் சில நேரம் பாதியில் நிற்கின்றன. சில படங்கள் இசையையும் அடுத்த காட்சியையும் தனிக் கோப்பாகச் சர்வரிலிருந்து அழைக்கும். அந்தச் சர்வர் இல்லையென்றால் வெறும் வெள்ளைத் திரைதான். அதனால் துணைக் கோப்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.

முடிந்தவரை ஃபிளாஷின் சொந்த வடிவமான எஸ்டபிள்யூஎஃப் கோப்பாகவே வேண்டும். புள்ளிகளாக அல்லாமல் கணக்காகப் பதிந்த வெக்டர் கோடுகள் பெரிய திரையிலும் மங்காது. ஜிஃப் வேண்டவே வேண்டாம். 256 நிறத்தில் அந்திவானம் பட்டை பட்டையாகத் தெரியும், ஒலியும் இருக்காது. ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்தால் நொடிக்கு 60 ஃபிரேமில் எடுங்கள். படம் 12 ஃபிரேம் என்றால் 30-இல் ஒரு ஓவியம் 2 முறையும் அடுத்தது 3 முறையும் விழுந்து அசைவு திக்கும். 60-இல் எல்லாம் சமமாக 5 முறை.

பொதுவில் காட்டப் படைத்தவரின் அனுமதி உண்டா என்பதையும் எழுதுங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 படத்தை ஓட வைத்தவர் யாராவது இருந்தால், எந்த ரஃபிள் பதிப்பில் ஓடியது என்று சொல்லுங்கள்.