புதுப்பிப்பு: உடலுறவு இல்லை, உரசல் மட்டும், பிறகு வலியில்லாத புண்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: உள்ளே நுழைக்காமல், ஆடையில்லாமல் உரசியதோடு சரி, சில வாரம் கழித்து ஆணுறுப்பின் அடியில் வலியில்லாத, விளிம்பு கெட்டியான ஒரு புண். விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். இது என்ன நோய்?

முடிவு: சிபிலிஸ். "நெகட்டிவை நம்பாதே, டிபிஎச்ஏவும் (சிபிலிஸுக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை) சேர்த்து மறுபடி எடு" என்ற யோசனைதான் சரியாக அமைந்தது. புண் வந்த புதிதில் விடிஆர்எல் சில சமயம் ஏமாற்றும். எதிர்ப்பொருள் உருவாக அவகாசம் வேண்டும். தொற்றிய 10 முதல் 90 நாளுக்குள் புண் வரலாம், தானாகவே ஆறியும் போகும். ஆறினால் நோய் போனதாக அர்த்தமில்லை.

சிகிச்சை: பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்புத் தசையில் ஒரே தடவை. அன்றிரவே குளிரும் காய்ச்சலும். மருந்து ஒவ்வாமை என்று பயப்பட வேண்டாம். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது வருவது, 24 மணி நேரத்தில் அடங்கும், பாராசிட்டமால் போதும். மூச்சுத்திணறலோ தடிப்போ இருந்தால் அது வேறு கதை, உடனே ஓட வேண்டும்.

துணைக்கும், பரிசோதனை நெகட்டிவாக இருந்தாலும், கடைசி 90 நாளில் நெருங்கியிருந்தால் இதே ஊசி. சிகிச்சைக்குப் பிறகு 6, 12 மாதத்தில் விடிஆர்எல் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

எச்ஐவி பற்றிக் கேட்டவர்களுக்கு: வெறும் உரசலில் பரவாது. ஆனால் புண் இருந்ததால் அந்தப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, நெகட்டிவ். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், சந்தேகத்துக்கு 1097 என்ற எச்ஐவி உதவி எண். பிறப்புறுப்பு அக்கி (ஹெர்பிஸ்), பிறப்புறுப்பு மரு, சிரங்கு மூன்றும் தோல் பட்டாலே தொற்றும், ஆணுறை மூடாத இடத்திலும்.