14 சதவீதமும் 38 கிலோமீட்டரும்

75 யூனிட் பேட்டரி உள்ள எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் ஐந்து பேர். வாங்கும்போது சொன்ன ரேஞ்ச், அதாவது முழு சார்ஜில் ஓடும் தூரம், 470 கிலோமீட்டர். அதை நம்பித்தான் முதல் நீண்ட பயணம் கிளம்பினோம்.

நெடுஞ்சாலையில் 110-க்குக் குறையாமல் ஓட்டினேன். கூரைமேல் சாமான் பெட்டி, நல்ல மழை. 100 கிலோமீட்டருக்கு 24 யூனிட் போனது. குறித்து வைத்திருந்த சார்ஜருக்குப் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் 14 சதவீதம். அங்கே இரண்டு கன் (வண்டியில் செருகும் கேபிள் முனை). ஒன்றில் திரையே எரியவில்லை. இன்னொன்றைச் செருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், பச்சை விளக்கு சிமிட்டும், ஒரு நிமிடத்தில் சிவப்பாகும். நான்கு தடவை முயன்றேன். நனைந்த கேபிளின் கனத்தில் மணிக்கட்டு வலித்தது. இரவு மணி பத்து, அடுத்த சார்ஜர் 38 கிலோமீட்டர் தள்ளி.

பயத்தில் ஏசியை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடி உடனே புகை படிந்ததுபோல் ஆனது, சின்னவள் அழ ஆரம்பித்தாள். மனைவிதான் நிதானமாகக் கணக்குப் போட்டாள். ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் எடுத்தாலும் அரை மணி நேரத்துக்கு அது ஒரு சதவீதம்தான். "ஏசியைப் போடுங்க, வேகத்தைக் குறைங்க" என்றாள். சரியாகச் சொன்னாள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 110-லிருந்து 80-க்கு இறங்கினால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். 80-லேயே உருட்டினேன். 5 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கன் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு 470-ஐ நான் கணக்கில் எடுப்பதே இல்லை. நெடும்பயணத்தில் நமக்குக் கிடைப்பது பேட்டரியின் 80 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரைதான், அதாவது 52 யூனிட் சொச்சம். 100 கிலோமீட்டருக்கு 21 யூனிட் என்று வைத்தால் 250 கிலோமீட்டர். 80-க்கு மேல் பேட்டரி தானே மின்சாரம் வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறது. எங்கள் வண்டி 10-லிருந்து 80-க்கு 35 நிமிடத்தில் ஏறும், மீதி 20 சதவீதத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். காத்திருப்பதில் பலனில்லை, கிளம்பிவிடுவதே மேல். சார்ஜரில் 150 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், நம் வண்டி 100-தான் வாங்கும் என்றால் 100-தான். அப்புறம், முதல் சார்ஜரை எட்டும்போது இரண்டாவதுக்குப் போகவும் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தினசரி ஓட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர்; இரவு மாட்டினால் காலையில் தயார். பயணத்தில் சார்ஜ் ஏறும்போதும் ஏசி ஓடுவதால் பிள்ளைகள் தூக்கம் கலையாமல் கிடப்பார்கள். பெட்ரோல் வண்டியில் இந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

வாங்கப்போகிறவர்கள் ஷோரூமில் பின்சீட்டில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது முன்சீட்டு அம்மாவுக்கு, மனைவி பிள்ளைகளோடு பின்னால்.